கண்ணாடி ஏற்றாத கார்

குவைத்தில் கார் ஏசி வேலை கற்றுக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்து கடை போட்டேன். ஊரில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். "சைக்கிளுக்கும் மாட்டிக் குடுப்பியாலே?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வயிறுதான் சிரிக்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு நூல் வியாபாரி. அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. மதுரையில் அறுத்துவிட்டு, கரண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்; கதிர் சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வோம். கரண்டு வைத்த இடம் தீப்பட்டதுபோல எரியும். அந்த உடம்போடு சித்திரை வெயிலில் மதுரைக்குப் போய்வர வேண்டும். அதற்காகத்தான் அண்ணாச்சி தன் அம்பாசிடரில் ஏசி வைக்கச் சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியில் பெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர், இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டுக் கம்ப்ரசர். என் கை செய்ததில் சுத்தமான வேலை அது என்று இன்றைக்கும் சொல்வேன்.

கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வந்தது. "ஏலே, குளுரவே மாட்டேங்கு. சும்மா காத்துதான் வருது" என்றார். குளிரூட்டுகிற கேஸ் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், பெல்ட் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மறுபடியும் அதே புகார். என் தொழிலையே சந்தேகப்படுகிறாரே என்று எரிச்சலாகி, அவரோடு நானும் ஏறி ராஜபாளையம் வரை போனேன்.

கரிவலம் தாண்டுவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அந்த ரோட்டில் அவரைத் தெரியாத நெசவாளி கிடையாது. ஆளைக் கண்டால் தலையை வெளியே நீட்டி நலம் விசாரிப்பார். நான்கு கண்ணாடிகளும் இறங்கியே கிடந்தன.

"கண்ணாடிய ஏத்தணும் அண்ணாச்சி" என்றேன். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கண்ணாடியைத் திறந்து வைத்தால், மடையைத் திறந்துவிட்டு வயல் தண்ணீரை வெளியே இறைக்கிற கதை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஏத்திட்டுப் போனா, துட்டு வந்ததும் கண்ணு தெரியலன்னு பேசுவானுவ. இவங்க மொகத்துலதான நமக்குச் சோறு" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்னொரு நாள் மதுரையிலிருந்து வரும் வழியில் என் கடையில் நிறுத்திவிட்டு, அவர் எதிரே யாரிடமோ பேசப் போனார். பின்சீட்டில் அவர் மனைவி இருந்தார், எனக்கு மைனி. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப் போனேன். மைனி கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பம் எரியல தம்பி" என்றார்.

திரும்பும்போது வீடுகள் தெரிய ஆரம்பித்தன. மைனியே கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். "அவுக பேரு கெட்டுரும்லா" என்றார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கும்போது மைனி போய்விட்டார்.

துக்கமெல்லாம் கழிந்தபின் அண்ணாச்சி வண்டியைக் கொண்டுவந்து விட்டார். "கழட்டிரு, இனி யாருக்கு?" என்றார். கழற்றுவதற்கு முன்னால் மெஷின் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடிகளை ஏற்றினேன். அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குளிர் ஏறியது. பிறகு தன் கையைத் தானே தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுக் குளுருமாலே?"

"ஆமா அண்ணாச்சி."

"அவ இருந்தப்பவும் இப்படித்தான் குளுந்திருக்குமா?"

"கண்ணாடிய ஏத்தியிருந்தா குளுந்திருக்கும்" என்றேன்.

தொழில்காரன் புத்தி, சரியான பதிலைச் சொல்லிவிட்டது. இன்றைக்குத்தான் புது கேஸ் அடைத்தேன், அதனால்தான் குளிர்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.