சத்தம் போடாத மிட்டாய்

என் தம்பி டேரில் வீர்ஸ்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று ஊரே கேலி பேசும். பிழைப்பும் அதற்கேற்றாற்போலத்தான் அமைந்தது. மிச்சிகன் குளிரில் வீடு வீடாகப் போய்க் கணப்பு அடுப்புகளைப் பழுது பார்க்கிறான். ஒரு வீட்டில் வேலை முடிவதற்குள் அடுத்த வீட்டுக்கு மனசு ஓடிவிடும். அதனால் திருப்புளியை எங்காவது விட்டுவிட்டு வருவான்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவன் அசையாமல் இருப்பான். நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வைத்தாலும் ஒரு பிள்ளை வராது. மான் கண்ணில் படாமல் மறைந்து உட்காரக் காட்டு ஓரத்தில் பலகையால் அடித்த பெட்டி ஒன்று எங்களுக்கு உண்டு. விடிவதற்கு முன்னால் அதற்குள் போய் உட்கார்ந்தால் மதியம்வரை மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் அப்பாவோடு அந்தப் பெட்டியில் உட்காரலாம். துப்பாக்கியைத் தொடக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. ஆனாலும் அதற்காகப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். தும்மி ஒரு மானை ஓட்டிவிட்டேன் என்று முப்பத்தேழு வருஷமாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

டேரிலின் மகள் டெஸ்ஸாவுக்குப் போன ஜூனில் பத்து முடிந்தது. ஆகஸ்டில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை இது. ஊசி போட்டால்தான் உயிர் என்கிற வகை. மருந்து கொஞ்சம் கூடினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். உடனே இனிப்பு எதையாவது வாயில் போடாவிட்டால் மயக்கம், அதற்கு மேலும் ஆகலாம். கையில் ஒரு சின்னக் கருவி ஒட்டியிருக்கிறார்கள். அது காட்டுகிற எண் அவளுடைய போனுக்கும் வரும், அவளுடைய அப்பா போனுக்கும் வரும்.

அந்த எண் போனில் வர ஆரம்பித்த பிறகு தம்பியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஏணியில் நின்றபடி போனைப் பார்ப்பான். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்ப்பான். எண் நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பான். அவன் மனைவி ரோண்டா நிதானமானவள். அவளே ஒருநாள் என்னிடம், "அண்ணி, இவருக்குத்தான் முதல்ல யாராவது ஊசி போடணும்" என்றாள்.

அந்த நிலையில்தான், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீன் வந்தது, அக்டோபர் கடைசி நாள். டெஸ்ஸா நரி வேஷம் போட்டுக்கொண்டு என்னோடு தெருத் தெருவாகப் போனாள். ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஒருவர் அவளுக்கு மட்டும் பென்சில் கொடுத்தார். இன்னொரு புண்ணியவதி ஒரு பை காரட் கொடுத்தாள். டெஸ்ஸா நன்றி சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளி வந்த பிறகு என்னிடம், "அத்தை, நான் நரி, முயல் இல்ல" என்றாள். மற்ற வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டதையே அவளுக்கும் போட்டார்கள். தலையணை உறை நிறைய மிட்டாய் வந்து சேர்ந்தது.

வந்த மிட்டாயை என்ன செய்வது என்பது எங்கள் ஊரில் நவம்பர் முதல் வாரத்துக் கவலை. சிலர் ஃப்ரீசரில் போடுவார்கள். சிலர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் தாங்களே தின்பார்கள். பெரும்பாலானவர்கள் அலுவலகத்துக் காபி மேசையில் கொட்டிவிட்டு, ஏதோ தர்மம் செய்ததுபோல நடப்பார்கள். நான் வரவேற்பு மேசையில் இருக்கிற பல் மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைப்போம். மிட்டாயைப் போட்டால் பிள்ளைக்கு ஒரு பல் துலக்கி கிடைக்கும். சேர்ந்ததை வெளிநாட்டில் இருக்கிற ராணுவ வீரர்களுக்கு அனுப்புவோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றிவிட்டு ராணுவத்தின் பல்லைக் கெடுக்கிறோமே என்று நான் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். டாக்டர் சிரிக்கவே மாட்டார்.

ஐந்தாம் தேதி டேரில் அந்தத் தலையணை உறையைக் கொண்டுவந்து மேசைமேல் தொப்பென்று போட்டான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. வீட்ல ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

"என்னடா ஆச்சு?"

"திருட்டுத்தனமா திங்கறாக்கா. குப்பைக் கூடையில பதினாறு மிட்டாய்த் தாள். அடியில ஒளிச்சு வச்சிருக்கா. அன்னிக்குச் சாயங்காலம் எண் முன்னூறு. கேட்டா, பிரிச்சேன், திங்கலங்கறா. பிரிச்சவ திங்காம என்ன செய்வா? பூஜை செய்வாளா?"

"கத்தினியா?"

அவன் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தான். பிறகு, "பொய் சொல்லாதேன்னு சொன்னேன்" என்றான். "பொய் சொல்றவளை வேட்டைப் பெட்டிக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னும் சொல்லிட்டேன். அங்க என்னமோ ஒண்ணு ஆச்சுன்னா? வண்டி அரை மைல் தள்ளி நிக்கும். போன்ல ஒரு கோடுதான் சிக்னல். நான் என்ன செய்வேன்?"

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பத்து வருஷமாகக் காத்திருந்த குழந்தையிடம், போக முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதைச் சொன்ன பிறகும் ஒரு நிமிஷம் நிற்க முடியாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தான். போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தான், போய்விட்டான்.

மிட்டாயைப் பெட்டியில் கொட்டும்போது வகை பிரிப்பது என் வேலை. உருகுகிறது ஒரு பக்கம், உருகாதது ஒரு பக்கம். தலையணை உறையைக் கவிழ்த்தேன். கேரமல் போட்டது, வேர்க்கடலை போட்டது, பெரிய அளவுச் சாக்லேட் நாலு என்று எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பிரித்திருக்கவில்லை. ஒரே ஒரு வகையைத்தான் காணவில்லை. கண்ணாடித் தாளில் பதினைந்து பதினைந்தாகச் சுருட்டி வரும் சீனி வில்லை, சுண்ணாம்புக் கட்டிபோல இருக்குமே, அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடைசிவரை தொடாத மிட்டாய் அதுதான். என் இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் பெட்டி நிறைய வந்து விழுவதும் அதுதான். பெரிய சாக்லேட்டை விட்டுவிட்டு அதைத் திருடித் தின்கிற குழந்தை இந்த நாட்டிலேயே கிடையாது.

அன்று மாலை நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். டேரில் வேலையிலிருந்து வரவில்லை. டெஸ்ஸா தன் அறையில் கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"சீனி வில்லை எல்லாம் எங்கடி?" என்றேன்.

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"நான் உங்க அப்பா இல்ல. அங்கயும் இங்கயும் நடக்க முடியாது, எனக்குக் கால் வலி. சொல்லு."

எழுந்து, அலமாரியில் தொங்கிய ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். அதன் பைகளில் ஆறு சின்ன முடிச்சுகள் இருந்தன. பழைய கம்பளிச் சட்டைக் கையை வெட்டி, நூலால் கட்டியிருந்தாள். ஒன்றை அவிழ்த்தேன். உள்ளே வில்லைகள், தாள் இல்லாமல்.

"ஒண்ணுல முப்பத்தெட்டு" என்றாள். "சர்க்கரை இறங்கினா ஒரு தடவைக்கு அவ்வளவு. நர்ஸ் சொன்ன அளவு. நான் கணக்குப் போட்டேன்."

"அதுக்குன்னே கடையில குளுக்கோஸ் மாத்திரை விக்கறாங்களே, உங்க வீட்லயே டப்பா டப்பாவா இருக்கே?"

"அது குலுங்கும் அத்தை. பிளாஸ்டிக் டப்பா. ஜூஸ் எடுத்துட்டுப் போனா குளிர்ல கல்லாயிடும். சாக்லேட் வேலை செய்ய நேரமாகும். இது நல்லது, ஆனா இதைக் காட்டுல பிரிச்சா சரசரன்னு கேக்கும். மான் ஓடிடும். அதான் முன்னாடியே பிரிச்சேன். என் கிளாஸ் ஜோனா கிட்ட ரெண்டு சாக்லேட் குடுத்து அவன்கிட்ட இருந்த சுருள் எல்லாம் வாங்கினேன். அவன் என்னைப் பைத்தியம்னு நினைச்சான்."

"அன்னிக்கு எண் முன்னூறு?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பிட்ஸா. ஊசிக் கணக்குல ரெண்டு துண்டுன்னு எழுதிட்டு மூணு தின்னுட்டேன்." அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணைத் தாழ்த்தினாள்.

"இதை ஏன்டி அப்பாகிட்ட காட்டல?"

"சொன்னேனே, திங்கலன்னு. அவர் நம்பல. நம்பாதவருக்கு எதுக்குக் காட்டணும்?"

இவளுடையது எங்கள் குடும்பத்துப் பிடிவாதம்தான், சந்தேகமே இல்லை.

டேரில் வந்ததும் அவனைச் சமையலறையில் பிடித்து நிறுத்தி, முடிச்சு ஒன்றைக் கையில் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் அதைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் ஆட்டினான். ரோண்டா அடுப்பை அணைத்துவிட்டு, "போய்ப் பேசுங்க" என்றாள். போனான். கதவைத் தட்டி, "பதினஞ்சாம் தேதி நாலரைக்கு எழுந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகளைக் கண்காட்சியில் வைத்தால் என் தம்பிக்கு முதல் பரிசு கிடைக்கும்.

அந்தப் பத்து நாளும் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பெட்டிக்குப் போகிற வழியில் நாலு தடவை நடந்து பார்த்தான். எந்த மரத்தடியில் சிக்னல் வருகிறது என்று சுண்ணாம்பால் குறி போட்டான். வண்டியைப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்த்து, சேற்றில் மாட்டிக்கொண்டான், டிராக்டர் வைத்து இழுத்தார்கள். பதினான்காம் தேதி எனக்கு மூன்று முறை போன் செய்தான். மூன்றாவது முறை, "போகாட்டி என்னக்கா, அடுத்த வருஷம் போனா போச்சு" என்றான்.

"அடுத்த வருஷம் அவளுக்கு இந்த வியாதி போயிடுமாடா?"

"சரி" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் பெட்டிக்குள் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அதிசயமாக இரண்டும் ஒத்துப்போயின.

விடிந்து ஒரு மணி நேரம்வரை ஒன்றும் வரவில்லை. பனி படிந்த புல், தூரத்தில் யாரோ சுட்ட ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான். டெஸ்ஸா சிலையாக உட்கார்ந்திருந்தாள். டேரில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கையில் போனை வைத்திருந்தான். எட்டே முக்காலுக்கு எண் இறங்க ஆரம்பித்தது. குளிரில் அவ்வளவு தூரம் நடந்ததால் இருக்கும். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கையுறையைக் கழற்றி, ஒரு முடிச்சை எடுத்து, பல்லால் நூலை அவிழ்த்தாள். வில்லைகளை நாலைந்தாக வாயில் போட்டு, கடிக்காமல் கரைத்து விழுங்கினாள். துளிச் சத்தம் இல்லை.

அவன் போனைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி போன், மறுபடி முகம். எண் ஏறவில்லை. ஏற நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு கேட்கவில்லை.

அப்போதுதான் அறுபதடி தூரத்தில் ஒரு ஆண் மான் வந்து நின்றது. பத்துக் கிளைக் கொம்பு. டேரில் இருபத்தாறு வருஷமாக அந்தப் பெட்டியில் உட்கார்ந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவன் பார்க்கவில்லை. டெஸ்ஸாதான் பார்த்தாள். பேசக்கூடாதே என்று அப்பாவின் முழங்காலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மகள் மயங்கி விழுகிறாள் என்று நினைத்து அவன் துள்ளி எழுந்தான். முக்காலி உருண்டது, காபிக் குடுவை சுவரில் மோதி டமாரென்றது, துப்பாக்கி தரையில் விழுந்தது. விசையைப் பூட்டிப் போட்டிருந்ததால் பிழைத்தார்கள். மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது.

இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, என்னம்மா" என்றான்.

"மான்" என்றாள் டெஸ்ஸா. வாய் நிறைய மிட்டாய். "போயிடுச்சு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஆடுகிற புதர் மட்டும் தெரிந்தது.

"ஏன்ப்பா எழுந்த?"

"நீ விழறேன்னு நினைச்சேன்."

அவள் மிச்சத்தை விழுங்கினாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று அவன் காத்திருந்தானாம், அவள் கோபப்படவில்லை.

"விழற மாதிரி இருந்தா நானே சொல்றேன்ப்பா" என்றாள்.

"சொல்லுவியா?"

டெஸ்ஸா அவிழ்த்த நூலைச் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"நீ கத்தலன்னா சொல்றேன்."