மூச்சு கசிந்த இடத்தை அம்மன் காட்டினாள்

மேலே போனால் எனக்குப் புத்தி கலங்கியது. கீழே இறங்கினால் தெளிந்துவிட்டது. அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, என் கஷ்டம் இவ்வளவுதான். ஆனால் போர் விமானம் ஓட்டுகிறவனுக்கு அது உயிர்க் கஷ்டம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருந்த நேரம். மலாக்கா காஜா பேராங்கில் பிறந்த நான், வடக்கே ஒரு தளத்தில் ஜெட் ஓட்டிக்கொண்டிருந்தேன். உயரத்தில் காற்று மெலிந்துவிடும். முகமூடி வழியாக வரும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்க வேண்டும். அது குறைந்தால் வலிக்காது, மூச்சு முட்டாது. சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்திலேயே போய்ச் சேரலாம்.

ரேடியோவில் ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னேன். ஒரு தடவை சிரித்தேனாம். இறங்கியதும் முகமூடியைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி. பையன் பயந்துவிட்டான் என்று மெஸ்ஸில் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே ஏது பயம்? கீழேதான் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. உஜோங் பாசிர் கடல் வரை சைக்கிள் மிதிப்பேன், போன வேகத்தில் திரும்புவேன். என் மனைவி சரோஜா மாசமாக இருந்தாள்.

"ஏங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? கொஞ்சம் உக்காருங்க. முடியலைன்னா இந்த வேலய விட்டுடுங்களேன்."

"பழுது என்கிட்டயா, மெசின்லயான்னு தெரியாம எப்படி விடுறது? அடுத்தவன் ஏறி உக்காருவான்ல?"

அன்று சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் முன்னால் நின்றேன். வேலையைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. "பழுது எங்கே இருந்தாலும் காட்டிவிடு. என் பிள்ளை தகப்பனில்லாமல் பிறக்கக் கூடாது." அழுதேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

தளத்துக்குத் திரும்பியதும் மருத்துவர் கூப்பிட்டார். சீனர், அதிகம் பேசாதவர். "கடைசியாக ஒரு சோதனை. சண்டையில் செய்வதையெல்லாம் மேலே செய். வாய் மட்டும் ஓயக் கூடாது. வரிசை மாறாத எதையாவது சொல்லிக்கொண்டே இரு. ரேடியோவில் நான் கேட்கிறேன்."

எனக்கு வரிசை தவறாமல் தெரிந்தது எங்கள் வீட்டுக் காலைக் கும்பிடுதான். பிள்ளையாரே, மாரியம்மா, காளியம்மா, அங்காளம்மா, கைலாசநாதரே, முனீஸ்வரரே. முடிந்ததும் மறுபடி பிள்ளையார்.

நேராகப் பறந்தவரை ஒழுங்காக வந்தது. பிறகு எதிரி துரத்துவதுபோல வளைந்து, இடது தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வானம் அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவர் ஏன் கத்துகிறார் என்றுதான் புரியவில்லை.

"முகமூடியை முகத்தோடு அழுத்து! கீழே இறங்கு! அழுத்து!"

கை எப்படி எழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அழுத்தினேன். சில மூச்சுக்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்டது. "காளியம்மா, காளியம்மா, காளியம்மா." அடுத்த பெயர் வரவேயில்லை. அப்போதுதான் பயம் வந்தது. அது வந்ததால்தான் பிழைத்தேன். ஒரு கையால் முகமூடியைப் பிடித்தபடியே காற்று கனமான உயரத்துக்கு இறங்கினேன்.

"உன் பாஷை எனக்குத் தெரியாது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது, அது போதும்," என்றார் மருத்துவர், நான் தரையிறங்கியதும். பறக்கும்போது போடும், கன்னம்வரை மூடிய என் துணித் தொப்பியும் முகமூடியும் மாட்டி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னார். முந்தைய சோதனைகளில் எல்லாம் நான் நேராக உட்கார்ந்திருந்தேன். இப்போது இடது கன்னத்தோரம் வைத்த அவர் விரலில் காற்றுப் பட்டது. தொப்பியின் உள் துணியைத் தடவினார். புளியங்கொட்டை அளவு ஒரு மேடு. பிரித்தார். மஞ்சள் துணியில் முடிந்த அம்மன் கோயில் திருநீறு.

இந்தத் தொல்லையெல்லாம் தொடங்குவதற்கு முந்தின விடுமுறையில், அந்தத் தொப்பியின் கிழிசலைத் தைக்கும்போது சரோஜா வைத்துத் தைத்தது அது. எனக்கும் தெரியும். தினமும் ஏறுவதற்கு முன் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். கழுத்தைத் திருப்பும்போது முகமூடி அந்த மேட்டில் ஏறி விலகியிருக்கிறது.

மருத்துவர் சிரிக்கவில்லை. முடிச்சைக் கையில் கொடுத்து, "சட்டைப் பையில் வைத்துக்கொள்," என்றார்.

சரோஜாவிடம் சொன்னபோது ஆடிப்போனாள். "அப்ப நாந்தானே உங்கள..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும்தான் வச்சோம், ரெண்டு பேரையும்தான் அவ காப்பாத்தியிருக்கா," என்றேன். பிள்ளை பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நன்றி தாயே. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அம்மன் திருநீறுதானே உன்னைக் கொல்லப் பார்த்தது என்று சில நண்பர்கள் சீண்டுகிறார்கள். நான் பழுதைக் காட்டு என்று கேட்டேன். தன் திருநீறு வைத்த இடம் என்றுகூடப் பார்க்காமல் காட்டினாள். தன் பேருக்கு வரும் குறையைவிட என் மூச்சு அவளுக்குப் பெரிதாக இருந்தது. இன்றும் பறக்கிறேன். கும்பிட்டுவிட்டு, முகமூடியின் ஓரத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துத்தான் ஏறுகிறேன்.

நிம்மதி இல்லாமல் அலைகிறவர்கள் அவளிடம் கேளுங்கள். அவள் காட்டுவது உங்கள் கையால் நீங்களே ஆசையாகத் தைத்ததாக இருந்தாலும், தயங்காமல் பிரித்துவிடுங்கள்.