சித்தி துடைத்து நிறுத்திய சைக்கிள்

என் சித்தி லாண்டரி வைத்திருக்கிறாள். யாரும் திரும்ப வாங்க வராத துணி கடையில் தங்கிவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதை மறுபடி துவைத்து, இஸ்திரி போட்டு, போகிற வருகிறவர் கண்ணில் படும்படி வாசலில் மாட்டிவிடுவாள். என்றாவது ஒருவர் வந்து, அட நம்ம சட்டை என்று அசடு வழிவார்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் அந்தச் சைக்கிள் பட்டது. கடையை ஒட்டிய சந்தில் பூட்டியபடி நின்றது. உடம்பெல்லாம் துரு, சீட்டெல்லாம் காக்கை எச்சம். அக்கம்பக்கத்தில் விசாரித்தாள்; கேட்பாரில்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தாள். தேடி வந்தால் அனுப்புகிறோம், அதுவரை நீங்களே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வேலையை இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

பேசாமல் நீயே வைத்துக்கொள் என்றார் சித்தப்பா. துணி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்கிறவளுக்கு அது தேவைதான். ஆசையும் இருந்தது. யாரும் பார்க்காதபோது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, சக்கரக் கம்பிகளைப் பளபளக்கத் துடைத்து, பூட்டோடு தூக்கி வந்து வாசலில் நிறுத்தினாள். சைக்கிள் மாப்பிள்ளை மாதிரி நின்றது. உரிமை கொண்டாடி ஒருவரும் வரவில்லை. துணி போட வருகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் அதை ஏக்கமாகப் பார்ப்பார். தன் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை எவனோ தள்ளிக்கொண்டு போன கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் அவர் வீட்டில் வெகுநாளாகக் கிடந்த பேன்ட்டைத் துவைக்கப் போடுமுன் சித்தி பாக்கெட்டைத் துழாவினாள். சின்னச் சாவி ஒன்று வந்தது. அதையே பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பூட்டில் நுழைத்தாள். திறந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற நான் உதவி செய்யலாமே என்று, "சித்தி, நான் எதையும் பாக்கல. சாவிய மெஷின் முழுங்கிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

"வாய மூடுறா."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதலில் தள்ளாடினாள், பிறகு தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கேலி பண்ண வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. இறங்கியவள், வண்டியை மறுபடி பூட்டிவிட்டுக் கடைக்காரருக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "என்னுது ஓட்டை வண்டிம்மா. யாரோட வண்டியையோ என் தலையில கட்டாத."

"ஊருக்கே கண்ணாடி மாட்டுறீங்க, சொந்த வண்டி தெரியலையாண்ணே? சாவி உங்க பேன்ட்ல இருந்துச்சு."

சாவியைப் போட்டுத் திறந்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. மழை பெய்த அன்று வண்டியைச் சந்தில் பூட்டிவிட்டு பஸ்ஸில் போயிருக்கிறார். தலையைச் சொறிந்துகொண்டே ஏறினார்.

சித்தி விடவில்லை. "வாராவாரம் கொண்டாங்க, எண்ணெய் விட்டுத் தர்றேன். இல்லன்னா திரும்பத் துரு ஏறிடும்."

அவரும் தவறாமல் கொண்டுவந்து விடுகிறார். எண்ணெய் விட்டால் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? சித்தி துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறாள். எல்லா வீட்டுத் துணியும் கொடுத்து முடிகிற வரை பார்க்கிறாள். அவரும் மத்தியானத்துக்குமுன் வந்து கேட்பதில்லை.