ஸ்கோப்புக்கு அடியில் சுற்றிய ஆட்டுத்தோல்

போன வாரம் கண் பார்க்கப் போனேன். அங்கே ஒரு பெண் என் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார்ந்தது.

"இப்ப நல்லா தெரியுதா? முன்ன போட்டதா, இதா?"

எனக்கு உடம்பு குறுகிவிட்டது. "ஏன் ஐயா இப்படி பயப்படறீங்க, ஊசியா போடறேன்?" என்று சிரித்தாள். அவளிடம் என்ன சொல்ல? அட்டையைத் துளைத்துக்கொண்டு குண்டு போகிற சத்தமும் இப்படித்தான் இருக்கும். சின்னதாக, டக்.

வாலிப வயசில் நான் மேல்விஷாரத்தில், தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. குளித்துவிட்டு பஸ் ஏறினாலும் நாற்றம் போகாது, என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். அதில் ஒரு வசதி, காலை நீட்டிக்கொள்ளலாம்.

முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு துப்பாக்கி கிளப்பில் மெம்பர். ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் கூட்டிப்போவார். பின் சீட்டு, கண்ணாடி இறக்கிவிட்டு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

சத்துவாச்சாரி தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பொட்டல். சுடுகிறவர் ஒரு பக்கம் படுத்துக்கொள்வார். ஐம்பது மீட்டர் தள்ளி டார்கெட் அட்டை. அட்டைக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குழி, குழிக்கு முன்னால் மண்மேடு. அந்தக் குழிதான் என் இடம். பாயிண்ட் டூ டூ குண்டு போடுகிற ஓட்டை சின்னது, அவ்வளவு தூரத்தில் கண்ணுக்கு அகப்படாது. நான் கம்பு நுனியில் இருக்கும் சிவப்புத் தட்டை மேலே நீட்டி, இங்கே பட்டது என்று காட்டவேண்டும். பழகிய கை, பழகிய துப்பாக்கி என்றால் குழியில் தூக்கமே வரும். மத்தியானம் பிரியாணி உண்டு.

பாயின் அக்கா மகள் நஸ்ரின். காலேஜ் பெண். பாயைவிட நன்றாகச் சுடும். அடுத்த வாரம் போட்டி என்று பாய் அதற்காகக் குறிபார்க்கிற புது ஸ்கோப் வாங்கி வந்தார். துப்பாக்கிமேல் அதைப் பிடிக்கிற வளையம் கொஞ்சம் பெரிசு. ஸ்கோப் ஆடியது.

"வேற வளையம் வாங்கலாம் மாமு."

"பைத்தியமா உனக்கு? நம்ம கிட்ட தோலுக்கா பஞ்சம்?"

மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி, ஸ்கோப்பில் சுற்றி, வளையத்தின் திருகை இறுக்கினார். ஸ்கோப் அசையவில்லை. எனக்கும் சரியென்றுதான் பட்டது. எங்கள் பக்கம் குழாய் கசிந்தாலும் தோல், கட்டில் ஆடினாலும் தோல்.

குழியில் இறங்கினேன். முதல் குண்டு வலது ஓரம். தட்டால் காட்டினேன். குறியைச் சரிபண்ண நஸ்ரின் ஸ்கோப்பின் திருகைத் திருப்பியிருக்கும். அடுத்தது இடது ஓரம். அதற்கடுத்தது அட்டையின் மரச்சட்டத்தில் பட்டு, மரச்சிம்பு என் பிடரியில் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒன்று மண்மேட்டில் இருந்த கல்லில் பட்டு, 'ஙொய்' என்று என் தலைக்கு மேலே போனது. கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் போகும் என்று அந்தக் குண்டுக்கே தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை. குழியின் மூலையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். பாட்டு ஒன்று பாடிப் பார்த்தேன். முதல் வரிக்குமேல் ஞாபகம் வரவில்லை.

சுடுவதை நிறுத்தி விசில் ஊதினார்கள். மேலே ஏறி அவர்களிடம் போனேன்.

"மாமு, ஸ்கோப் நிக்கல. ஒரு திருப்பு திருப்பினா குண்டு எங்கியோ போவுது" என்றது நஸ்ரின்.

"ஸ்கோப் நல்லாத்தான் கீது. இவன்தான் தப்பா காட்டறான். இன்னாடா, நடுங்கிகினே காட்டினியா? மூஞ்சப் பாரு, சுண்ணாம்புல ஊறின மாதிரி!"

பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமை தொட்டியோரம் முழுக்கச் சிரிக்கும்.

நஸ்ரின் என் கையிலிருந்த கம்பை வாங்கியது.

"அண்ணா ரெஸ்ட் எடுக்கட்டும். நான் காட்டறேன். நீங்க சுடுங்க மாமு."

"உனக்கெதுக்கு அந்த பேஜார்?"

"நல்லாத்தான் கீதுன்னீங்களே."

விறுவிறுவென்று நடந்து குழியில் இறங்கிவிட்டது. துப்பட்டா நுனி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

பாய் படுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். குழியில் இருந்தபோதைவிட இப்போதுதான் எனக்கு அதிகம் பயம். அவர் ஸ்கோப்பில் கண் வைத்தார், எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். விரல் துப்பாக்கிக் குதிரையில் படாமல் வெளியிலேயே நின்றது. மூக்கிலிருந்து வியர்வை துப்பாக்கிக் கட்டைமேல் சொட்டியது.

"மாமு, சுடுங்க!" குழியிலிருந்து குரல்.

குண்டை வெளியே எடுத்துவிட்டு பாய் எழுந்தார். "மேல வா பாப்பா" என்றார். அது குழிவரைக்கும் எட்டவில்லை. நான்தான் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டேன்.

வளையத்தின் திருகைக் கழற்றினால் தோல் ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. பாய் அதை ஜேபியில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழியில் அதுவரைக்கும் ஒரு ஆள் இருந்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததோ என்னவோ.

சரியான அளவில் வேற வளையத்துக்கு ஆர்டர் கொடுத்தார், போட்டிக்குள் அது வந்து சேரவில்லை. நஸ்ரின் போகவில்லை. பெருநாள் வரைக்கும் மாமனோடு பேசவும் இல்லை. வளையம் வந்த பிறகு பாய் குழியில் யாரையும் இறக்காமல் சுட்டார். ஒரு குண்டு சுடுவது, துப்பாக்கியைக் கீழே வைப்பது, நடந்துபோய்ப் பார்ப்பது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவரே நடந்தார். "நான் போறேன் பாய்" என்றால், "நீ உக்காருடா" என்பார்.

பாய் இப்போது இல்லை. டேனரியும் இல்லை. இப்போதெல்லாம் குண்டு பட்ட இடம் திரையில் தெரியுமாம், கீழே ஆள் வேண்டாமாம். நல்லதுதான். பொட்டலை பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனேன். மலையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். குழி இருந்த இடத்தில் மாடி வீடு. மொட்டைமாடியில் ஒருத்தி நிமிர்ந்து நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில், துப்பாக்கி வைத்துப் படுத்த இடத்தில் இப்போது ரோடுதான், வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.