பாடத்திட்டத்தில் ஒன்றரை ஷிப்ட்

1. என்னைக் கூப்பிட்டது

கல்லூரியில் கவிதைப் பாடத்தை மாற்றி எழுதுகிறோம், கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள் என்று தமிழ்த்துறைத் தலைவர் மேடம் போன் செய்தபோது, ஆள் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது பார்த்து, டேமேஜ் பீஸை ஒதுக்கும் வேலை.

செக்கிங் டேபிளில் நாங்கள் பாட்டுக் கட்டுவோம். பகல் ஷிப்ட் முடிந்து மேற்கொண்டு அரை ஷிப்ட் ஓடும்போது கண் சொருகும். அசந்தால் டேமேஜ் பீஸ் நல்ல பீஸோடு போய்விடும். அதனால் ஒருத்தி ஒரு வரி எடுத்தால், கையிலிருக்கும் பீஸை மடித்து வைப்பதற்குள் அடுத்தவள் மறுவரி போட வேண்டும். போடாதவள்தான் டீ கேனைத் தூக்கி வர வேண்டும். அதில் நான் கட்டிய ஒன்றை மேடத்தின் மாணவிகள் செல்போனில் பதிவு செய்திருந்தார்கள்.

ஒன்றரை ஷிப்ட்டு ஓடுது, ஒத்தக் கண்ணு மூடுது,
ஓட்டை எங்கே எங்கேன்னு ஒத்தக் கண்ணு தேடுது.

இப்படிப் போகும். இதை ஐந்தாம் அலகில், தொழிலாளர் பாடல்கள் என்று வைக்கப்போவதாக மேடம் சொன்னார். என் மகளிடம் சொன்னேன். "உன்ற பாட்டுல எத்தன பேரு பெயிலாகப் போறாங்களோ" என்றாள். சேலைக்கு அவளே அயர்ன் போட்டுக் கொடுத்தாள்.

2. கூட்டம்

கதவோரம் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பெருமாநல்லூரில் என் மகள் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் கம்பெனியின் முதலாளி. எந்தப் பாடமானாலும் குழுவில் தொழில்துறை ஆள் ஒருவர் வேண்டுமாம், கவிதைக்கும் சேர்த்து. பனியன் கம்பெனியே தொழிலான எங்கள் ஊரில் அதற்கு வேறு யார் வருவார்?

நான்கு அலகுகள் முடிந்தன. மேடம் என் பாட்டை ராகமில்லாமல் வாசித்தார். முதலாளி சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது காலேஜ் வெப்சைட்ல வருமுங்களே? வெளிநாட்டுப் பையருக்கு ஆடிட் பண்றவங்க இப்பெல்லாம் தேடித் தேடிப் பாக்கறாங்க. ஒன்றரை ஷிப்ட்ட பாடமாவே வெச்சிருக்கீங்களான்னு கேட்டா நாங்க என்னங்க சொல்றது? ஒரு ஷிப்ட்டுன்னு மாத்தீரலாமுங்க."

அவர் பயம் பொய்யில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவது தெரிந்தால் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஆர்டரை நிறுத்திவிடுவார். ஆர்டர் போனால் என் மகளுக்கும்தான் வேலையில்லை. ஆடிட் நாளில் எட்டு மணி நேரம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லாக் கம்பெனியிலும் பழக்குவார்கள்.

மாற்றலாமா என்று மேடம் என்னைக் கேட்டார். தலையாட்டினால் போதும். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தேன். வார்த்தை தானாக வந்தது.

"ஒரு ஷிப்ட்டுன்னா பாட்டே இல்லீங்க. பகல்ல ஆரும் பாடுனதில்லீங்க. அந்த அரை ஷிப்ட்டுக்குத்தானுங்க பாடுனது."

முதலாளி என்னைப் பார்த்து, "இப்ப ஊட்ல ஆருங்க வேலைக்குப் போறாங்க?" என்றார்.

"எம் பொண்ணு போகுதுங்க. உங்க கம்பெனிதானுங்க."

"அதும் பாட்டுக் கட்டுதுங்களா?"

"இல்லீங்க. அது காதுல ஹெட்போன் மாட்டிக்குமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. தனக்குச் சம்மதமில்லை என்று மினிட்ஸில் எழுதிக்கொள்ளச் சொன்னார். கடைசியில், சொல் மாறாமல், பாட்டை மட்டும் ஐந்தாம் அலகிலிருந்து எடுத்துச் சுயவாசிப்புப் பகுதியில் வைத்தார்கள். அதில் பரீட்சைக் கேள்வி வராது. மேடத்துக்கு அது வருத்தம். எனக்கு அப்படியொன்றுமில்லை. பிடித்தவர்கள் படிக்கட்டும்.

3. மறுநாள்

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வேலையைப் பற்றி உங்களையே கேட்டால், பயம் தெளிந்தபின் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தெளியாது. எனக்கு மறுநாளும் இருந்தது. மகள் வரும் நேரம் தாண்டியும் அவளைக் காணோம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ, அழுதுகொண்டு எங்கே நிற்கிறாளோ என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.

போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம்.

"அம்மா, இன்னைக்கு ஒன்றரை. நீ உண்டுபோட்டுப் படுத்துக்க."