பூனைமீசை குடித்த நாட்கள்

தோட்டத்தில் கன்று வளர்க்கும் நாற்றுமேட்டில் வேலை முடித்து வீடு வந்தேன். பூட்ஸ் கழலவில்லை. என் கணவர் தரையில் உட்கார்ந்து பிடித்து இழுத்தார். கழன்றபோது கால் பாதம் வீங்கிக் கிடந்தது. "பூரி மாதிரி உப்பியிருக்கு லா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போர்ட்டிக்சன் மருத்துவமனையில் அந்தச் சிரிப்பு அடங்கியது. பல வருடச் சர்க்கரை என் சிறுநீரகங்களைக் கெடுத்திருந்தது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் ஏறியிருந்தது. இப்படியே போனால் டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வது) என்றார் டாக்டர். அவர் தமிழ்ப் பெண், பொறுமையாகத்தான் பேசினார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். சுவாவிலிருந்து கோலா கிளாவாங் வரை அவருக்குத் தெரியாத தோட்டம் இல்லை. செய்தி பரவியதும் லாரி நின்ற இடமெல்லாம் ஆளுக்கொரு கட்டு இலை கொடுத்தனுப்பினார்கள். அதிகம் வந்தது பூனைமீசை. வெள்ளைப் பூவில் மீசை போல இழைகள் நீளும் செடி. அதை அவர் கொதிக்கவைத்துப் பெரிய மக்கில் ஊற்றித் தருவார். நல்ல கசப்பு. ஆனால் சிறுநீர் தாராளமாகப் போனது, வீக்கமும் வடிந்தது.

"பாத்தியா, கிட்னி வேலை செய்யுது," என்றார். பெண்டாட்டி கழிவறைக்குப் போவதைக் கொண்டாடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

டாக்டர் கொடுத்திருந்த வீக்க மாத்திரை இனி எதற்கு என்று இருவரும் சேர்ந்தே நிறுத்தினோம். சில வாரங்களில் கைகால் துவண்டது. நெஞ்சு தப்பித் தப்பி அடித்தது. வார்டில் சேர்த்தார்கள். பொட்டாசியம் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் உப்பு) எல்லை மீறியிருந்தது. பூனைமீசையில் அது நிறைய உண்டாம். என் சிறுநீரகத்துக்கு அதை வெளியே தள்ளத் தெம்பில்லை.

"தண்ணி நெறைய போறது வேற, கிட்னி நல்லாகுறது வேற அங்கிள்," என்றார் டாக்டர் என் கணவரிடம்.

"அப்ப அந்த எலையில ஒன்னுமே இல்லையா டாக்டர்?"

"இருக்கலாம். செடியிலேருந்து பிரிச்செடுத்த சில பொருள் எலியோட கிட்னிய காப்பாத்துதான்னு பாக்குறாங்க. மனுசங்களுக்கு இன்னும் உறுதியா தெரியல."

"மாத்திரையா எப்ப வரும்?"

"பத்து வருசம் ஆகலாம். வராமலும் போகலாம்."

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக்கும் இலை வரும். கொண்டுவருபவரின் மனதை நோகடிக்காதீர்கள். குடிப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பும் வழியில் சி ரூசா கடற்கரை ஓரம் என் கணவர் காரை நிறுத்தினார். எனக்குத் தாகம். குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார்கள். ஒரு மக் நிறையக் குடிக்க ஏங்கியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து வருசந்தானே," என்றார் அவர். "அதுவரைக்கும் இரு லெட்சுமி."

அன்றுவரை அடுத்த சம்பளம், அடுத்த தீபாவளி, அவ்வளவுதான் எனக்குக் காலம். இந்த உடம்பையும் வேலைக்குப் போய்வர உதவும் ஒரு பொருளாகவே நினைத்திருந்தேன். இப்போது பத்து வருடம் வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அந்த மாத்திரை வராவிட்டாலும் பரவாயில்லை. அவரோடு உட்கார்ந்து அதற்காகக் காத்திருக்க வேண்டும்.