விளாவாத வெந்நீர்

தண்ணீரைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு எந்த வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்கள். தந்தால் அதையும் பாட்டிலில் ஊற்றி ஏதாவது குறை சொல்லிவிடுவோம் என்று பயம். மீட்டர் பார்க்கிறவர்கள், கொசுப்புழு தேடுகிறவர்கள், கணக்கெடுக்கிறவர்கள், வாசலில் நின்று "வீட்ல யாருங்க?" என்று கூப்பிட்டே தொண்டை வறண்டவர்கள் எல்லோருக்கும் இது புரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் படவேட்டுப் பக்கம். அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், படித்தது வேதியியல். இப்போது ஒரு குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை. அடிவார ஊர்களிலும் ஜவ்வாது மலைமேலும் வீட்டுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து, சுத்தம் செய்யும் வழியைச் சொல்ல வேண்டும். நான் சொன்னது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் சோதனைப் பெட்டியோடு சேர்ந்தே வரும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். பார்த்தும் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போயிருக்கின்றன.

பொட்டு வைத்த மெஷின்

கணியம்பாடிப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஒரு வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. மேலே தூசு விழாமல் துணி உறை வேறு. அதன் குழாயில் பிடித்த தண்ணீரையும் நேரே போரிலிருந்து பிடித்த தண்ணீரையும் சோதித்தேன். இரண்டிலும் ஒரே அளவு உப்பு. என் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதேதான்.

வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே உப்பைப் பிடிக்கிற சவ்வு ஃபில்டரைக் கழற்றினோம். வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது ஏரிமண் நிறம். "இதை அப்பப்போ மாத்தணுங்க. மாத்தலன்னா மெஷின் இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்றேன். அவருக்கு வருத்தம். பொட்டு வைத்த மெஷினையே நான் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று. "மாத்தறதா? இன்னாம்மா சொல்ற, அதான் பச்சை லைட்டு எரியுதே!"

உடனே கலங்கிய தண்ணீர்

அடிவாரத்தில் இன்னொரு ஊர். எனக்கு முன்பே ஒரு ஃபில்டர் விற்பனைக்காரர் வந்து போயிருந்தார். டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்திருக்கிறார். தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, கசடு மிதந்ததும் தெருவே அலறிவிட்டது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்தது அல்ல, இரும்புக் கம்பி கரைந்து வந்தது என்று விளக்கினேன். உப்பு உள்ள எந்தத் தண்ணீரும் அப்படித்தான் ஆகும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. யாருக்கும் நான் சொன்னது ருசிக்கவில்லை.

என் பாட்டிலைக் காட்டினேன். அடியில் மருந்து இருக்கும், தண்ணீர் ஊற்றிக் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும், மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும் என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்ட அம்மா ஒருவர் தலையை ஆட்டினார். "அவரு மிஷின்ல ஒரு நிமிசத்துல தெரிஞ்சிச்சி. உனுக்கு ரெண்டு நாளு ஆவுது. இன்னாதான் படிச்ச நீ?"

அடுப்போரம்

அந்தக் கதகதப்பான இடம், குளிர் நாட்களில், எங்கள் வீட்டு அடுப்போரம்தான். பழைய புடவையில் பாட்டில்களைச் சுற்றி அங்கே வைப்பேன். அம்மா அதை ஏதோ விலை உயர்ந்த மருந்து என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் படாமல், பூனை தட்டாமல் பார்த்துக்கொண்டார். ஒருநாள் எல்லாம் கறுத்திருந்தன. திறந்தால் அழுகின முட்டை நாற்றம். "ஏன் கறுத்துச்சு?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஊரான் பீயெல்லாம் பொட்டில போட்டுனு வந்து என் அடுப்பாண்ட வெக்கறதுக்காடி உன்ன காலேஜுக்கு அனுப்புனேன்?"

கன்னிமார் ஊற்று

பலாக்கொல்லை மலைமேல் இருக்கும் சின்ன ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி ஏற வேண்டும். சாமையும் புளியும்தான் பிழைப்பு. குடிப்பதற்குப் பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அதில் கன்னிமார் சாமிகள் இருப்பதாக நம்பிக்கை. செருப்போடு அருகே போகக்கூடாது. நானும் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் எடுத்தேன். அவ்வளவு ருசி. உப்பில்லை, இரும்பில்லை, கலங்கலில்லை. பாட்டில் மட்டும் மறுநாள் மை ஊற்றியதுபோல் கறுத்துவிட்டது. ஊற்றுக்கு மேலே சரிவில் ஆட்டுப்பட்டி இருந்தது. மழை பெய்தால் எல்லாம் கீழேதான் வர வேண்டும்.

மறுபடி ஏறிப் போய் ஊரில் சொன்னேன். குளோரின் போடலாம் என்றதும், அந்த நாற்றம் கன்னிமாருக்கு ஆகாது என்று ஒரே குரலில் மறுத்தார்கள். கொதிக்க வைத்தாவது குடியுங்கள் என்றேன். கோவிந்தன் என்ற இளவயது விவசாயி சிரித்துவிட்டார். "இந்தத் தண்ணி குடிச்சிட்டுத்தான் நாங்க புளி மூட்டையத் தூக்கினு மலை எறங்கறோம். கேன் தண்ணி குடிக்கற உனுக்கு ஏறி வர்றதுக்கே நாக்கு தள்ளுது. எது கெட்ட தண்ணி, நீயே சொல்லு!"

ஒருத்தி மட்டும்

எல்லோரும் கலைந்த பிறகு கோவிந்தனின் மனைவி செல்வி வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. மழை தொடங்கியதிலிருந்து குழந்தைக்கு விட்டு விட்டுப் பேதி. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றிக்கொண்டு வருவார்களாம்; கொஞ்ச நாளில் மறுபடியும் ஆரம்பிக்குமாம். குழந்தையின் வளையல் முழங்கை வரைக்கும் தானாக ஏறி இறங்கியது.

தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், மூடி வைக்க வேண்டும், கையை விடாமல் கரண்டியால் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். "ஊரு கெடக்குது அக்கா. எம் பொண்ணு தேறுனாப் போதும். நீ சொல்றத அப்படியே செய்றேன்."

விறகும் போச்சு

அடுத்த முறை போனபோது ஊர் வாசலிலேயே கோவிந்தன் நின்றிருந்தார். "நில்லு, தண்ணிப் பொண்ணு. தெனம் கொதிக்க வெக்கறா. புள்ளைக்கு மறுபடியும் போவுது. நேத்துதான் ஆஸ்பத்திரிலருந்து தூக்கினு வந்தோம்." செல்வியைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகளில் கொதிக்க வைக்க ஆரம்பித்திருந்தார்கள், இப்போது அவர்கள் விட்டுவிட்டார்கள்.

குழந்தைக்குக் கொடுக்க டம்ளரில் வைத்திருந்த தண்ணீரையே கேட்டு வாங்கிச் சோதித்தேன். கறுத்தது. கொதித்த தண்ணீர் எப்படிக் கறுக்கும்? பாட்டில் பழுதோ என்று கடையில் வாங்கின மூடி திறக்காத தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அது கறுக்கவில்லை. பாட்டில் சரி, பாடம் சரி, குழந்தை மட்டும் மெலிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் அந்த வளையல் ஞாபகம் வந்தது. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். நல்லவர்தான், ஊர்கள் அதிகம், ஆட்கள் குறைவு. "சரியாக் கொதிக்க வெச்சிருக்க மாட்டாங்கம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட இல்ல? அடுத்த ஊரைப் பாரு."

கை பொறுக்கும் சூடு

அடுத்த ஊருக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் ஏறி பலாக்கொல்லைக்குப் போய், செல்வியின் சமையற்கட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். "எப்பவும் செய்ற மாதிரியே செய்யி. நான் இல்லன்னு நெனச்சிக்க" என்றேன். அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். தளதளவென்று கொதித்தது. மூடினாள். கரண்டியால் எடுத்தாள். என் பாடத்தில் ஒரு எழுத்து பிசகவில்லை.

குழந்தை தண்ணீருக்கு அழுதது. செல்வி பாதி டம்ளர் வெந்நீர் எடுத்தாள். பக்கத்துக் குடத்திலிருந்து ஊற்றுத் தண்ணீரை மீதிக்கு ஊற்றினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கை பொறுத்தது. குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் அம்மா வெந்நீரை அப்படி விளாவித்தான் எனக்குக் கொடுப்பார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பயிற்சிப் படத்தில் பானை கொதிக்கும், ஆவி வரும். அது ஆறுகிற படம் கிடையாது. "செல்வி, வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. குடத்துத் தண்ணீரோடு கிருமியும் திரும்ப வந்துவிடுகிறது என்று சொன்னதும் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னா அக்கா நீ, சுடத்தண்ணிய அப்படியேவா புள்ளைக்கு ஊத்துவாங்க? வெளாவாம யாருனா குடுப்பாங்களா?"

தண்ணீருக்குக் குளியல்

முந்தின நாள் சாயங்காலமே கொதிக்க வைத்து ஆறவிடு என்றேன். சாயங்காலம் காட்டிலிருந்து வருவதே இருட்டித்தான் என்றாள். பேசிக்கொண்டே இருந்தவள் எழுந்து, துணி துவைக்கிற அகன்ற பாத்திரமான அன்னக்கூடையில் ஊற்றுத் தண்ணீரை ஊற்றி, மூடிய வெந்நீர்த் தூக்குவாளியைக் கழுத்து நனையாமல் அதன் நடுவில் இறக்கிவைத்தாள். விளாவத்தான் போகிறாள், ஆனால் பாத்திரத்துக்கு வெளியே! நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். சாமைக் கஞ்சி வெந்து இறங்குவதற்குள் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது. ஆறின தண்ணீருக்கென்று ஒரு சின்னக் குடத்தை ஒதுக்கி, மற்ற குடத்தோடு கலந்துவிடாமல் இருக்க அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் கோவிந்தன். அன்னக்கூடையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பாப்பாவக் குளிப்பாட்ட நேரமில்ல, தண்ணியக் குளிப்பாட்டினு கீறீங்களா ரெண்டு பேரும்?"

கெட்டுப்போன பாட்டில்

மஞ்சள் கயிற்றுக் குடத்திலிருந்து ஒரு பாட்டில், ஊற்றிலிருந்து ஒரு பாட்டில். எங்கள் வீட்டு அடுப்போரம் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் புடவையை விலக்கி விலக்கிப் பார்த்தேன். அம்மா இந்தமுறை திட்டவில்லை. குழந்தையின் கதையைச் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அவரே பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணு கறுத்துச்சி, ஒண்ணு கறுக்கல. எது பாப்பாவுது?" என்றார். குரலில் என்னைவிட அதிகப் பதற்றம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். ஊரார் கூடினார்கள். ஊற்று பாட்டில் கறுப்பு; செல்வியின் பாட்டில் ஊற்றினபடியே இருந்தது. கோவிந்தன் செல்வியின் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் ஆட்டிப் பார்த்தார். "இது இன்னா, நெறமே மாறல? மருந்து கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, தண்ணீர்தான் கெடாமல் இருக்கிறது என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. கறுத்த பாட்டிலை வாங்கிக்கொண்டு ஊற்றுக்கு மேலே இருந்த ஆட்டுப்பட்டியை நிமிர்ந்து பார்த்தார். "பட்டிய அந்தாண்ட மாத்துனா கன்னிமார் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க."

ஒரு டம்ளர்

பட்டி மாறியது. ஊற்றுக்கு மேற்புறம் முள்வேலி போட்டார்கள். ஊற்று இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. போன முறைகூட பாட்டில் கறுத்தது, கொஞ்சம் தாமதமாக. ஆனால் மஞ்சள் கயிறு கட்டின குடம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. செல்வியின் மகள் அதற்குப் பிறகு பேதிக்காக மலையிறங்கவில்லை. தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; சாப்பிடுமுன் கை கழுவுவதையும் கூடவே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வளையல் இப்போது மணிக்கட்டில் நிற்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

போன வாரம் ஏறிப் போய் மூச்சு வாங்க நின்றேன். கேட்காமலேயே செல்வி டம்ளரை எடுத்தாள். இந்த வேலைக்கு வந்த பிறகு முதன்முறையாக ஒரு வீட்டில் தானாக எனக்குத் தண்ணீர் வருகிறது! ஆசையாகக் கையை நீட்டினேன். கோவிந்தன் அன்னக்கூடையில் நின்ற தூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைத் தடுத்தார். "இரு, தண்ணிப் பொண்ணு, இன்னும் ஆறல. இப்ப குடுத்தா நீ வெளாவச் சொல்லுவ."

தண்ணீர் கொதிக்கும் வரைக்கும்தான் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்று தெரிய ஒரு மலையை இத்தனை தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது.